விரல் நுனிக்குப் போகும் பாடநூல்

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே வண்ணப் பட்டைக்குள் பாடத் தலைப்பு. அதன்கீழ் இரண்டு பத்திகளாக ஓடும் உரை. நடுவில் ஒரு படம். அதிலிருந்து நாலாபக்கமும் அம்புக்குறிகள். ஓரத்தில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று ஒரு பெட்டி. கீழே ஒரு சமன்பாடு, ஒரு அட்டவணை, மூலையில் ஒரு கியூஆர் கோடு. பெரிதாக இருப்பது தலைப்பு, பெட்டிக்குள் இருப்பது துணுக்கு, சாய்ந்த எழுத்தில் இருப்பது உயிரியல் பெயர் என்று கண் ஒரு நொடியில் பிரித்துக்கொள்கிறது. யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை.

இதே பக்கத்தைப் பார்வையில்லாத ஒரு மாணவியிடம் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது?

யாராவது வாசித்துக் காட்டினால் ஆயிற்று என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். வாசிக்க ஆள் இருக்கும் நேரம்தான் அப்போது அவளுக்குப் படிப்பு நேரம். ‘ஒளிச்சேர்க்கை’யில் எந்த ‘ளி’ என்று தடவிப் பார்க்க முடியாது. புரியாத வரியை நாலு முறை படிக்கக் கூச்சமாக இருக்கும். ஆசிரியர் “47ஆம் பக்கம் எடுங்க” என்றதும் வகுப்பே புரட்டும்போது அவள் மட்டும் காத்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்கிறார்களோ அத்தனையையும் அவளும் தானாகவே செய்ய முடிந்தால்தான் அது அவளுக்குப் புத்தகம்.

அப்படி ஒரு புத்தகம் செய்வது மொழிபெயர்ப்பைவிடச் சிக்கலான வேலை. பக்கத்தில் கண்ணுக்காகச் செய்த ஜோடனைகளை எல்லாம் கழற்றி, உள்ளே இருக்கும் பொருளை எடுத்து, விரலுக்கோ காதுக்கோ ஏற்றபடி திரும்பப் பூட்ட வேண்டும். அந்தப் பட்டறைக்குள் நுழைந்து பார்த்தால், புத்தகம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதே புதிதாக விளங்கும்.

ஆறு புள்ளிகளின் கணக்கு

பார்வையில்லாதவர்களுக்கான முதல் புத்தகங்கள் கண்ணுள்ளவர்களின் யோசனைப்படி உருவானவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்குப் பள்ளி தொடங்கிய வாலண்டைன் ஹவுயி, சாதாரண ரோமன் எழுத்து வடிவங்களையே தாளில் மேடாக அழுத்தி அச்சிட்டார். படிக்க முடிந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரல் சுற்றிவர வேண்டியிருந்ததால் மிக மெதுவாகத்தான் முடிந்தது. அதில் எழுத வழியே இல்லை.

அந்தப் பள்ளிக்குச் சார்ல்ஸ் பார்பியே என்பவர் புள்ளிகளாலான ஒரு முறையைக் கொண்டுவந்தார். நிரைக்கு ஆறாக இரண்டு நிரை, மொத்தம் 12 புள்ளிகள். எழுத்துகளுக்குப் பதிலாக ஒலிகளைக் குறித்தது அது. யோசனை நல்லது, அளவுதான் பெரிது: ஒரு குறியைப் படிக்க விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டியிருந்தது. மூன்று வயதில் தந்தையின் சேணப் பட்டறையில் ஊசி குத்திப் பார்வை இழந்த லூயி பிரெய்ல் அங்கே மாணவர். 1824-ல், 15 வயதில், அந்தப் பன்னிரண்டை அவர் ஆறாகக் குறைத்தார். 1829-ல் நூலாக வெளியிட்டார்.

ஆறு என்பது தற்செயலாக வந்த எண் இல்லை. பிரெய்லியில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர், புள்ளியின் உயரம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். மூன்று வரிசை, இரண்டு நிரை கொண்ட ஒரு கட்டம் சரியாக ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடுகிறது. விரல் நுனித் தோலுக்கடியில் நெருக்கமாக இருக்கும் மெர்க்கெல் செல்கள் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியைக்கூடப் பிரித்தறியும். ஆகவே இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் குழம்புவதில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு தடவல் போதும். ஒவ்வொரு புள்ளியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதால் கிடைக்கும் வடிவங்கள் 64. வெற்றிடம் போக 63. உலகத்தின் இத்தனை மொழிகளும், கணக்கும், இசையும் இந்த 63-க்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன.

விரல் தடவிய புள்ளிகள் மூளையில் எங்கே போய்ச் சேருகின்றன? தொடு உணர்வுக்கான பகுதிக்கு மட்டும்தான் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1996-ல் நோரிஹிரோ சடாடோவும் குழுவினரும் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்லி படிக்கும்போது அவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். தலையின் பின்புறம், பார்வைக்கென்றே ஒதுக்கப்பட்ட பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. அது சும்மா உடன் துடிப்பதா, உண்மையிலேயே படிக்கிறதா என்ற கேள்விக்கு 2000-ல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை விடை சொன்னது. பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெய்லியில் கைதேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பக்கவாதத்தால் அந்தப் பகுதியின் இருபுறமும் சேதமடைந்தது. தொட்டுப் பொருள்களை இனங்காண அவரால் முடிந்தது. பிரெய்லி படிப்பது மட்டும் அடியோடு போய்விட்டது. கண் பயன்படுத்தாத இடத்தை மூளை தரிசாகப் போடுவதில்லை. விரலுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

தமிழ் ஆறு புள்ளிக்குள் வந்தபோது

இந்தியாவுக்கு வந்த பிரெய்லி, இடத்துக்கு ஒரு வேடம் பூண்டது. கீழைப் பிரெய்லி, ஷா பிரெய்லி, நீல்காந்த்ராய் பிரெய்லி என்று ஆளுக்கொரு முறை. ஒரு பள்ளியில் அடித்த புத்தகம் இன்னொரு பள்ளியில் உதவாது. விடுதலைக்குப் பிறகு, 1949-ல், இந்திய அரசு யுனெஸ்கோவின் உதவியைக் கேட்டது. முதல் உலகப்போரில் கலிபோலியில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்சி இந்த வேலைக்கு ஆலோசகரானார். 1951-ல் பெய்ரூட்டில் கூடிய கூட்டத்தில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு முறை முடிவாயிற்று. அதுவே பாரதி பிரெய்லி. இலங்கையின் சிங்களப் பிரெய்லியும் இதே குடும்பம்தான்.

அதன் விதி எளியது: எழுத்தின் வடிவத்தை மறந்துவிடு, ஒலியைப் பிடி. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிகள். கட்டத்தின் இடது நிரையில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது நிரையில் 4, 5, 6 என்று புள்ளிகளுக்கு எண் உண்டு. ‘ம’ என்றால் 1-3-4. இந்தியிலும் அதுதான், ஆங்கிலத்தின் ‘எம்’ எழுத்துக்கும் அதுதான்.

‘அம்மா’ என்று எழுதிப் பார்ப்போம். முதல் கட்டத்தில் 1ஆம் புள்ளி மட்டும்: அது ‘அ’. அடுத்த கட்டத்தில் 4ஆம் புள்ளி மட்டும்: பின்னால் வருவது மெய் என்ற எச்சரிக்கை, அதாவது நம்முடைய புள்ளி. அச்சில் தலைக்கு மேல் உட்காரும் புள்ளி இங்கே முன்கூட்டியே வந்து நிற்கிறது. பிறகு 1-3-4, மறுபடி 1-3-4, கடைசியில் ‘ஆ’வுக்கான 3-4-5. கண்ணுக்கு மூன்றெழுத்து, விரலுக்கு ஐந்து கட்டம்.

‘கொடி’ இன்னும் சுவாரசியம். அச்சில் ‘கொ’ எழுத வேண்டுமானால் முதலில் கொம்பு, நடுவில் ‘க’, பின்னால் கால். வாய் அப்படியா சொல்கிறது? முதலில் ‘க்’, அதன்பின் ‘ஒ’. பிரெய்லியும் வாயின் பக்கம் சேர்ந்துகொண்டது: ‘க’ முதலில், ‘ஒ’ அடுத்து. தொல்காப்பிய இலக்கணத்தில் உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய் பிறப்பது எந்த வரிசையிலோ அதே வரிசை.

இன்னொரு நுட்பம். ‘ண’வுக்கு உரிய 3-4-5-6தான், இனி வருவது எண் என்று அறிவிக்கும் குறியும். குழம்பாதா? ‘ண’வில் தொடங்கும் தமிழ்ச்சொல் கிடையாது, எண்குறியோ எண்ணுக்கு முன்னால்தான் வரும். வாசகர் தடுமாறுவதில்லை.

‘ல’வுக்கு 1-2-3, ‘ள’வுக்கு 4-5-6, ‘ழ’வுக்கு 1-2-3-5-6. ‘ந’ வேறு, ‘ன’ வேறு. இது அற்ப விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் படிக்கும் பிள்ளைக்கு ‘ந’வும் ‘ன’வும் ஒன்றுதான், வாசித்தவர் ‘ழ’கரத்தில் சறுக்கினால் அதுவும் போயிற்று. குரல் எவ்வளவு முன்னேறினாலும் பிரெய்லிக்கு வேலை இருப்பது இதனால்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கும், பிழையில்லாமல் எழுதுவதற்கும் எழுத்தைத் தொட்டாக வேண்டும்.

எழுதுவதற்கு இரண்டு வழி. பழைய வழி ஸ்லேட்டும் ஸ்டைலஸும்: தாளின் பின்பக்கம் குத்தி முன்பக்கம் மேடு எழுப்புவதால், வலமிருந்து இடமாக, எழுத்தை இடவலம் மாற்றிக் குத்த வேண்டும். இரண்டாவது, ஆறு புள்ளிக்கு ஆறு விசை கொண்ட பெர்கின்ஸ் பிரெய்லர். அமெரிக்காவில் பிறந்த இந்த இயந்திரம் வேலூரை அடுத்த காட்பாடியில் ஒர்த் டிரஸ்ட் பட்டறையிலும் தயாராகி வெளிநாடுகளுக்குப் போயிருக்கிறது.

கணினிக்குத் தெரியாத தமிழ்

இன்றைக்குப் பாடநூல் கணினியில்தானே பிறக்கிறது? ஒரு விசையைத் தட்டினால் பிரெய்லியாக மாறிவிடாதா? மாறும், உள்ளே இருப்பது தமிழாக இருந்தால்.

அச்சகங்களில் பல காலம் ஆண்ட எழுத்துருக்களில் ஒன்று பாமினி. அதில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் ‘அம்மா’ அழகாகத் தெரியும். கணினி தன் நினைவில் வைத்திருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டிவிட்ட ஏற்பாடு அது. தாளில் அச்சடிப்பதோடு காரியம் முடிந்துவிட்டால் முகமூடியால் தொல்லை இல்லை. அந்தக் கோப்பைத் திரைவாசிப்பான் மென்பொருளிடம் கொடுங்கள். அது முகத்தைப் பார்ப்பதில்லை, குறிகளைப் படிக்கிறது. மாணவியின் காதில் ‘எம் கே செமிகோலன் கே எச்’ என்று விழுகிறது. பிரெய்லி அச்சுப்பொறியிடம் கொடுத்தாலும் இதே குப்பைதான் மேடு மேடாக வரும்.

யூனிகோடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. அதில் ‘அம்மா’ என்பது அ, ம, புள்ளி, ம, கால் என்ற ஐந்து குறிகள். ஐந்துமே தமிழ் என்று கணினிக்குத் தெரியும். ‘கொ’வைச் சேமிக்கும்போது யூனிகோடும் கொம்பை முன்னால் வைப்பதில்லை, மெய் முதலில், உயிர் அடுத்து. விரலுக்காக 1951-ல் எடுத்த அதே முடிவை, நாற்பது ஆண்டு கழித்துக் கணினிக்காக வேறு ஆட்கள் வேறு காரணத்துக்காக எடுத்தார்கள். அதனால்தான் யூனிகோடுத் தமிழைப் பிரெய்லியாக்குவது இன்று சுலபம். கண்ணும் காதும் இயங்காத ஜான் பாயர் தொடக்கத்தில் முன்னின்று உருவாக்கிய லிப்லூயி என்ற இலவச மென்பொருளில் தமிழுக்கும் அட்டவணை இருக்கிறது. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

ஆனால் அதற்கு முன் அச்சான புத்தகங்கள் ஏராளம். பழைய எழுத்துருக்களில் இன்றும் தட்டச்சு செய்பவர்கள் உண்டு. அத்தகைய புத்தகத்தைப் படமெடுத்து, ஓசிஆர் என்னும் எழுத்துணரி மூலம் உரையாக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கென்றே தமிழ் எழுத்துணரி உருவாக்கினார்கள். இருந்தாலும் ‘ர’வும் துணைக்காலும் இயந்திரத்துக்கு இரட்டைப் பிள்ளைகள். மங்கலான அச்சில் புள்ளி விழுந்ததா, தூசி விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. இரண்டு பத்திகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளையைக் கவனிக்காமல் இடப்பத்தியின் வரியோடு வலப்பத்தியின் வரியைக் கோத்துவிடும். வரி வரியாகத் திருத்த மனிதர்தான் உட்கார வேண்டும். பிரெய்லிப் புத்தகத்தின் உண்மையான செலவு தாளிலும் இயந்திரத்திலும் இருப்பதைவிட இந்தத் திருத்தும் மணிநேரங்களில்தான் இருக்கிறது.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

மொழிப்பாடம் வரை இப்படிச் சமாளிக்கலாம். கணக்கு வந்ததும் வேறு உலகம். கணக்கில் இடம்தான் பொருள். ஓர் எண் மேலே ஏறி நின்றால் அடுக்கு; கீழே இறங்கி நின்றால் கீழொட்டு; கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி. பிரெய்லியிலோ குரலிலோ மேல்கீழ் கிடையாது. எல்லாம் ஒற்றை வரிசை.

ஒரு பின்னம்: மேலே எக்ஸ் கூட்டல் ஒன்று, ஒரு கோடு, கீழே இரண்டு. இதை வாசித்துக் காட்டுங்கள்: “எக்ஸ் கூட்டல் ஒன்று கீழ் இரண்டு.” கேட்பவர் இதை எக்ஸுடன் அரையைக் கூட்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம். எக்ஸின் மதிப்பு 5 என்றால் முதல் பொருளில் விடை 3, இரண்டாவதில் ஐந்தரை. பிழை மாணவியுடையது இல்லை. மதிப்பெண் மட்டும் அவளுக்குப் போகும்.

இதற்கு விடை கண்டவர் ஆபிரகாம் நெமத். பிறவியிலேயே பார்வையில்லாதவர். கணக்கில் ஆசை, உனக்கு ஒத்துவராது என்று சொல்லி உளவியல் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதில் பட்டமும் மேற்பட்டமும் வாங்கியும் ஏற்ற வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாமல்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் உளவியலாளராக இருப்பதைவிடக் கணிதக்காரராகவே இருக்கலாமே என்று மனைவி கேட்டாராம். கணக்குக்குத் திரும்பினார்; பின்னாளில் டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். தன் தேவைக்காக அவர் வகுத்துக்கொண்ட குறிமுறை 1952-ல் வெளியாயிற்று. இந்தியப் பள்ளிகளிலும் புழங்கும் நெமத் குறியீடு அதுதான்.

மேல்கீழைக் காட்ட முடியாது என்பதால், தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் அறிவித்துவிடுவது நெமத்தின் வழி. பின்னம் தொடங்குகிறது, எக்ஸ், கூட்டல், ஒன்று, கோடு, இரண்டு, பின்னம் முடிகிறது: மொத்தம் ஏழு கட்டம், சந்தேகத்துக்கு இடமே இல்லை. வர்க்கமூலத்துக்கும் அப்படியே, திறப்பும் அடைப்பும் உண்டு. எண்களையும் அவர் கட்டத்தின் கீழ்ப்பாதிக்கு இறக்கிவிட்டார். அதனால் இயற்கணிதத்தில் எண்ணும் எழுத்தும் முட்டிக்கொள்வதில்லை. கணக்கை வாய்விட்டு வாசிக்கவும் இதேபோல் திறந்து மூடும் ஒரு முறையை அமைத்துக் கொடுத்தார். கணினியில் சமன்பாட்டின் அமைப்பைக் காக்கும் மேத்எம்எல் என்ற தரம் 1998-ல் வந்தது. பாடநூல் தயாரிப்பவர் சமன்பாட்டை அதில் எழுதினால் நெமத் பிரெய்லியாகவும் குரலாகவும் தானே மாறும். படமாக வெட்டி ஒட்டினால் மாறாது. நம் பாடநூல்களின் மின்வடிவத்தில் சமன்பாடுகள் பெரும்பாலும் எந்த வகை என்று திறந்து பார்த்தாலே தெரியும்.

படத்தை எப்படித் தொடுவது?

மிகக் கடினமான இடம் படம். இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாக் கோடுகளையும் அப்படியே மேடாக்கினால் விரலுக்குக் கிடைப்பது ஒரு கலவரம். நெருங்கிய இரண்டு கோடுகள் விரலுக்கு ஒன்றாகிவிடும். சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். சிவப்பு, நீலம் என்று காட்டிய ரத்தவோட்டத்துக்குச் சொரசொரப்பு, வழவழப்பு என்று இரண்டு தளங்கள் வேண்டும். பாகங்களின் பெயர்களை நீட்டி எழுத இடமில்லை. ஓரிரு எழுத்துக் குறிகளைப் போட்டு, விளக்கத்தைத் தனித்தாளில் தர வேண்டும். ஒரு படம் பெரும்பாலும் இரண்டு மூன்றாகப் பிரியும்: முதல் தாளில் நான்கு அறைகள் மட்டும், அடுத்ததில் ரத்தக்குழாய்கள், அதற்கடுத்ததில் ஓட்டத்தின் திசை.

ஆகவே ‘இந்தப் படம் எதற்காக இங்கே இருக்கிறது?’ என்ற கேள்வியோடுதான் வேலை தொடங்குகிறது. பக்கத்தை நிரப்ப வைத்த படம் இந்தக் கேள்விக்கு முன் நிற்காது, தாராளமாக விட்டுவிடலாம். கனசதுரத்தின் சாய்வுத் தோற்றம் கண்ணின் பழக்கத்தை நம்பி வரைந்தது. விரலுக்கு அது ஒரு சதுரமும் இரண்டு இணைகரமும்தான். அங்கே முன்பக்கத் தோற்றம், மேல்தோற்றம் என்று தனித்தனியாகத் தரலாம். அதைவிட, கையில் ஒரு கனசதுரத்தையே கொடுத்துவிடலாம்.

மேடான படம் செய்யப் பல வழிகள். ஆசிரியர்கள் அட்டையில் நூலையும் உப்புத்தாளையும் ஒட்டி மூலப்படம் செய்வார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சினால் அச்சு விழும். ஒன்றிலிருந்து வேண்டிய பிரதிகள் எடுக்கலாம். உப்பும் தாள் என்று இன்னொன்று உண்டு. அதன் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய குமிழ்கள். கறுப்பு மையில் படத்தை அச்சிட்டு வெப்ப விளக்கின்கீழ் செலுத்தினால், கறுப்பு அதிகச் சூட்டை உறிஞ்சி, கோடு இருக்கும் இடம் மட்டும் பொங்கி எழும்.

படத்துக்கு எழுத்தில் விளக்கம் தருவதும் ஒரு கலை. ‘இதயத்தின் படம்’ என்று எழுதிவிட்டுப் போனால் பயனில்லை. இதயத்தின் இடப்பக்கம் தாளில் வலப்புறம் இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள் என்று இடம் காட்ட வேண்டும். அதேசமயம், ‘எந்த அறையின் சுவர் தடித்திருக்கிறது?’ என்று பயிற்சியில் கேள்வி இருந்தால், விளக்கத்திலேயே விடையைப் போட்டு உடைத்துவிடக் கூடாது. பாடம் தெரிந்தவர்தான் இதை எழுத முடியும். படத்தைப் பார்த்துத் தானே விளக்கம் சொல்லும் செயற்கை நுண்ணறிவு இப்போது வந்திருக்கிறது. முதல் வரைவுக்கு அது உதவும், கடைசிப் பார்வை ஆசிரியருடையதாக இருக்க வேண்டும்.

ஒரு மூலம், பல வடிவம்

பிரெய்லிப் பக்கம் ஒன்றில் வரிக்கு 40 கட்டம் வீதம் 25 வரி என்பது பரவலான அளவு. ஆயிரம் கட்டம். அச்சில் ஒரு பக்கம் பிரெய்லியில் ஏறத்தாழ மூன்று பக்கமாக நீளும். தடித்த தாள் வேறு. 200 பக்கப் புத்தகம் பல தொகுதிகளாகி அலமாரியின் ஒரு தட்டை அடைத்துக்கொள்கிறது. அந்த மூன்று பக்கங்களிலும் அச்சுப் புத்தகத்தின் பக்க எண் இடம்பெற்றாக வேண்டும். இல்லையென்றால் 47ஆம் பக்கத்தை அந்த மாணவி எங்கே தேடுவாள்? தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பிரெய்லியில் அச்சிடப் பூவிருந்தவல்லியில் மண்டல பிரெய்லி அச்சகம் இருக்கிறது. 2018 முதல் பாடத்திட்டம் அடியோடு மாறியபோது இந்த வேலைகள் அத்தனையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாடத்திட்ட மாற்றத்துக்கும் இப்படி ஓர் அடி உண்டு.

கனத்தைக் குறைக்க வந்தது டெய்சி. சுவீடனின் பேசும் நூலகத்தில் முளைத்த யோசனை. 1996-ல் பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து டெய்சி கூட்டமைப்பை உருவாக்கின. பழைய ஒலிநாடாவில் நாலாம் பாடத்தைத் தேட ஓட்டி ஓட்டி நிறுத்த வேண்டும். டெய்சி புத்தகத்தில் பாடம், உட்தலைப்பு, பக்கம் என்று தாவலாம். குரல் எந்தச் சொற்றொடரில் இருக்கிறதோ அது திரையில் ஒளிரும்.

அந்த ஒளிர்தல் வேறு சில பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்துவிட்டது. கண் நன்றாகத் தெரிந்தும் எழுத்துகள் வசப்படாத டிஸ்லெக்சியா மாணவர், கேட்டுக்கொண்டே பார்க்கும்போது வரியைப் பிடித்துக்கொள்கிறார். மூளை முடக்குவாதத்தால் தாளைப் புரட்ட முடியாத பிள்ளை ஒரே விசையில் பக்கம் மாற்றுகிறது. மங்கலான பார்வை உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியைக் கறுப்பாக்கிப் படிக்கிறார். காது கேளாத குழந்தைகளுக்கு இன்னொரு வடிவம் தேவை: பாடநூல்களை இந்தியச் சைகை மொழிக்குக் கொண்டுவர 2020-ல் என்சிஇஆர்டி நிறுவனமும் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையமும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

சட்டம் திறந்த கதவு

இவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும் நெடுங்காலம் குறுக்கே நின்றது பதிப்புரிமை. ஒரு புத்தகத்தைப் பிரெய்லியாக்குவதும் சட்டத்தின் கண்ணில் நகலெடுப்புதான். பதிப்பாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். 2012-ல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தியது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய எந்த வடிவத்துக்கும், லாப நோக்கமில்லாமல், அனுமதி கேட்காமலே மாற்றலாம். அடுத்த ஆண்டு, 2013 ஜூன் 27 அன்று, மொராக்கோவின் மராகேஷ் நகரில் இதற்கென்றே ஓர் உலக ஒப்பந்தம் உருவாயிற்று. வெளியாகும் புத்தகங்களில் பத்தில் ஒன்றுகூடப் பார்வையற்றோருக்கு எட்டுவதில்லை, ஏழை நாடுகளில் நூற்றில் ஒன்று தேறுவதே அரிது என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் அப்போது முறையிட்டுக்கொண்டிருந்தது. 2014 ஜூனில் அந்த ஒப்பந்தத்தை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016-ல் அது நடைமுறைக்கு வந்தது.

மாற்றிய புத்தகத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப மராகேஷ் வழிசெய்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், கனடா நான்குமே இதில் உறுப்பினர்கள். சென்னையில் ஒருமுறை மாற்றிய தமிழ் நூலை யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ மறுபடி மாற்ற வேண்டியதில்லை. மாற்றிய நூல்களைச் சேர்த்து வைக்க 2016-ல் ‘சுகம்ய புஸ்தகாலய’ என்ற இணைய நூலகம் தொடங்கியது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை புத்தகங்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது.

சட்டம் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாகவே இருக்கிறது. பிறகும் புத்தகம் ஏன் தாமதமாகிறது? புத்தகம் அச்சாகி முடிந்த பிறகுதான் மாற்றும் வேலை தொடங்குகிறது என்பதால். வீடு கட்டிச் சுண்ணாம்பு அடித்த பிறகு சுவரை உடைத்துக் குழாய் பதிக்கிறோம். முதலிலேயே செய்தால் கூடுதல் செலவு சொற்பம்.

செய்ய வேண்டியவையும் சின்னச் சின்னவைதான். பாடம் எழுதும் ஆசிரியர்களே, படம் வைக்கும்போதே அதற்கு நாலு வரி விளக்கமும் எழுதிவிடுங்கள். ‘சிவப்பு நிறத்தில் உள்ளதைக் காண்க’ என்பதோடு நிறுத்தாமல் பெயரையும் சொல்லுங்கள். பக்கம் வடிவமைப்பவர்களே, யூனிகோடில் அடியுங்கள். எழுத்தைத் தடிப்பாக்கித் தலைப்பு என்று விட்டுவிடாமல், மென்பொருளில் தலைப்பு என்றே குறியுங்கள். சமன்பாட்டைப் படமாக ஒட்டாதீர்கள். வகுப்புக் குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆசிரியர்களே, கையெழுத்தைப் படமெடுத்து அனுப்புவதற்குப் பதில் தட்டச்சு செய்து அனுப்பினால் அதுவே பாதிக் கிணறு தாண்டியதற்குச் சமம். பள்ளி திறக்கும் நாளில் வகுப்பில் எல்லோர் மேசையிலும் புத்தகம் இருக்க வேண்டும் என்றால், இத்தனையும் அச்சுக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.